மூன்று பீப்பாய் பார்லி: ஸ்காண்டிநேவிய மௌனப் படங்களில் கடல்

ஒருவன் தனியாகத் தண்டு வலிக்கிறான். சின்னப் படகு, சுற்றிலும் கடல். தண்டு வலிப்பவன் விட்டுவந்த கரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பான். போய்ச் சேரவேண்டிய கரை அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முன்னால் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள அடிக்கடி கழுத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். இவன் படகில் மூன்று பீப்பாய் பார்லி இருக்கிறது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் பசியோடு கிடக்கிறார்கள். இதோ வந்துவிட்டோம் என்ற நேரத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று அவனைக் கண்டுவிடுகிறது.

விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கி, தலைமைப் பாத்திரத்திலும் நடித்த 'தேர்யே வீகன்' 1917 ஜனவரி 29 அன்று ஸ்வீடனில் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் மௌனப் படம். ஸ்வீடிஷ் சினிமாவின் பொற்காலம் இந்தப் படத்தோடு தொடங்கியது என்றும், ஷோஸ்ட்ரோமும் சக இயக்குநர் மொரிட்ஸ் ஸ்டில்லரும் 1920களின் நடுவில் ஹாலிவுட்டுக்குப் போனதோடு முடிந்தது என்றும் வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அந்தக் குறுகிய ஆண்டுகளில் வந்த படங்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு. அவை இயற்கையை மனித மனத்தின் கண்ணாடியாக்கின. கடல் கொந்தளித்தால் நாயகனின் நெஞ்சு கொந்தளிக்கிறது என்று பொருள். எனக்கு இது பாதி மட்டுமே சரியாகப் படுகிறது. மனத்தைக் காட்டும் கண்ணாடிக்கு ஆழமும் தூரமும் நீரோட்டமும் தேவையில்லை. தேர்யேயின் கடலுக்கு இவை எல்லாம் இருக்கின்றன. அது தானியம் இருக்கும் ஊருக்கும் தானியம் இல்லாத வீட்டுக்கும் நடுவே கிடக்கும் தண்ணீர். ஒரு மனிதன் தன் இரு கைகளால் அதைக் கடந்தாகவேண்டும். பசியையும் உழைப்பையும் விட்டுவிட்டு அந்தக் கடலைப் பார்த்தால் படத்தின் பாதியைப் பார்க்கத் தவறிவிடுவோம். அதே காலத்தில் வடக்கே எடுக்கப்பட்ட மற்றக் கடல் படங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும்.

கதை 1809இல் நடக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1807இல், பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் நகரைக் குண்டுவீசித் தாக்கி டென்மார்க்கின் போர்க்கப்பல்களைப் பிடித்துக்கொண்டு போனது. அப்போது டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தன. தாக்குதலுக்குப் பின் அந்த அரசு நெப்போலியனோடு சேர்ந்தது. பிரிட்டன் நார்வேயின் கரையை முற்றுகையிட்டது. மலையும் பாறையுமான நார்வேக்குத் தேவையான தானியம் பெரும்பாலும் டென்மார்க்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றது, தானியமும் நின்றது. மரப்பட்டையை அரைத்து மாவில் கலந்து ரொட்டி சுட்ட காலம் அது. தென்கரையைச் சேர்ந்த சிலர் திறந்த படகுகளில், இருளையும் மூடுபனியையும் நம்பி, ஸ்காகராக் கடலைக் கடந்து டென்மார்க் போய்த் தானியம் கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், போருக்கு உதவாத பழைய கப்பல்களையே சிறையாக்கி அடைத்துவைத்தார்கள். பலர் அமைதி திரும்பிய 1814இல்தான் வெளியே வந்தார்கள்.

படத்துக்கு மூலமான கவிதையை எழுதிய ஹென்ரிக் இப்சனுக்கு இந்தக் கதைகள் நேரே கிடைத்தவை. 1844 முதல் 1850 வரை, பதினைந்து வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை, அவர் கிரிம்ஸ்டாட் என்ற சிறு துறைமுகத்தில் மருந்துக்கடைப் பையனாக வேலை பார்த்தார். முற்றுகைக் காலத்தைக் கண்ட முதியவர்கள் அந்த ஊரில் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தீவில் வாழ்ந்த வயதான மீகாமன் ஒருவரிடம் அந்தப் படகோட்டங்களைப் பற்றி இளம் இப்சன் கேட்டறிந்தார் என்பது அங்கே நிலைத்திருக்கும் நம்பிக்கை. கரையோரப் பாறைகளுக்கிடையே கப்பல்களை வழிநடத்திக் கொண்டுவரும் பைலட்டைத்தான் மீகாமன் என்கிறேன். நம்மிடம் இவ்வளவு நல்ல சொல் இருக்கையில் அதை விடுவானேன். 1862இல் இப்சனின் 'தேர்யே வீகன்' கவிதை அச்சானது. நார்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கவிதை அது.

கவிதையின் கதையைப் படம் ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகிறது. தேர்யே இளமையில் துடுக்கான மாலுமி. திருமணம் ஆகிறது, பெண் குழந்தை பிறக்கிறது, வாழ்க்கை ஒழுங்குக்கு வருகிறது. போரும் முற்றுகையும் வருகின்றன. வேறு வழியில்லாமல் ஃப்ளாட்ஸ்ட்ராண்ட் வரை தனியாகத் தண்டு வலித்துப் போகிறான். இன்று ஃப்ரெடெரிக்ஸ்ஹாவ்ன் எனப்படும் அந்த டேனிஷ் ஊர் கிரிம்ஸ்டாடிலிருந்து நேர்கோட்டில் பார்த்தாலே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மூன்று பீப்பாய் பார்லி வாங்கித் திரும்புகிறான். தன் வீட்டுப் பக்கத்துத் தண்ணீருக்கே வந்துவிட்ட பிறகு ஆங்கிலேயக் கப்பலின் படகு அவனைத் துரத்திப் பிடிக்கிறது. அதை நடத்திவருபவன் பதினெட்டு வயது இளைஞன். தேர்யே மண்டியிட்டு அழுது கெஞ்சுகிறான். அவன் படகு மூழ்கடிக்கப்படுகிறது, பார்லியும் கடலடியில் போய்ச் சேர்கிறது. ஐந்து ஆண்டு சிறை. திரும்பி வரும்போது மனைவியும் மகளும் இறந்திருக்கிறார்கள்; ஏழைகளுக்கான குழியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவனை நார்வேக்குக் கொண்டுவந்த கப்பல் ஸ்வீடன் நாட்டுடையது என்று இப்சன் ஒரு விவரம் தருகிறார். 1814இல்தான் நார்வே டென்மார்க்கிடமிருந்து ஸ்வீடன் மன்னரின் கைக்கு மாறியது. அந்த இணைப்பு 1905இல் முறிந்து பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறைவதற்குள், நார்வேயர்கள் தம் சொத்தாக நெஞ்சில் வைத்திருந்த கவிதையை ஒரு ஸ்வீடிஷ் கம்பெனி படமாக்கியது.

படம் வெளியான வாரத்தை நினைத்துப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. முதல் உலகப் போரில் ஸ்காண்டிநேவிய நாடுகள் மூன்றும் நடுநிலை வகித்தன. ஆனாலும் பிரிட்டனின் கடல் முற்றுகை அவர்களின் வாணிகத்தையும் இறுக்கியது. 1917 தொடக்கத்தில் ஸ்வீடனில் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. படம் திரைக்கு வந்து இரண்டு நாள் கழித்து, ஜனவரி 31 அன்று, ஜெர்மனி எதிர்ப்படும் எந்தக் கப்பலையும் முன்னெச்சரிக்கையின்றி மூழ்கடிக்கப்போவதாக அறிவித்தது. போர் முடிவதற்குள் நடுநிலை நாடான நார்வே தன் வணிகக் கப்பல்களில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. சுமார் 2,000 மாலுமிகள் இறந்தார்கள். அந்த ஆண்டு வசந்தத்தில் ஸ்வீடன் நகரங்களில் உணவு கேட்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். நூறாண்டுக்கு முந்தைய முற்றுகையைப் பற்றிய படத்தைப் பார்க்க வந்தவர்கள் பையில் ரொட்டி அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். தேர்யேயின் படகு கவிழும்போது பீப்பாய்கள் தண்ணீருக்குள் இறங்குவதை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

ஷோஸ்ட்ரோம் இந்தப் படத்துக்கு எளிதாக வந்து சேரவில்லை. 1879இல் வேர்ம்லாண்ட் மாகாணத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அட்லாண்டிக்கைக் கடந்து புரூக்லினில் குடியேறியது. ஏழு வயதில் தாயை இழந்தார். கண்டிப்பான தந்தை, மாற்றாந்தாய். பிறகு மீண்டும் கடல் கடந்து ஸ்வீடனில் உறவினர் வீடு. நாடக நடிகராகத் தொடங்கிய அவரை 1912இல் ஸ்வென்ஸ்கா பியோகிராஃப்தேயாட்டெர்ன் நிறுவனத்தின் தலைவர் சார்ல்ஸ் மக்னுசோன் சினிமாவுக்கு அழைத்துவந்தார். அடுத்த ஆண்டே 'இங்கெபோர்க் ஹோல்ம்'. கணவனை இழந்து, கடையையும் இழந்து, பிள்ளைகளை ஊரார் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க நேர்ந்த ஒரு தாயின் கதை. ஏழைகள் காப்பகச் சட்டங்களைப் பற்றி ஸ்வீடனில் பெரிய விவாதத்தையே அந்தப் படம் கிளப்பியது. ஏழ்மை ஒரு குழந்தையைத் தாயின் கையிலிருந்து எப்படிப் பிடுங்குகிறது என்பதை அழுத்தமாகச் சொன்னவர் அவர். 'தேர்யே வீகன்' அதே காயத்தைக் கடலில் வைத்துப் பார்க்கிறது.

மக்னுசோன் இப்சன் கவிதையை முன்வைத்தபோது ஷோஸ்ட்ரோம் தயங்கினார். 1916 கோடையில் அவர் மனம் சோர்ந்திருந்தார், மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். முதலில் பிறந்த மண்ணுக்குப் போனார். அங்கே தன் தாயை அறிந்திருந்த முதியவள் ஒருத்தியைச் சந்தித்தார் என்றும், தாயைப் பற்றி அவள் சொன்னவை அவரை உலுக்கின என்றும் அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அங்கிருந்து எல்லை தாண்டி நார்வேக்குள் போய், கிரிம்ஸ்டாட் கரையில் தேர்யேயின் கடலைப் பார்த்தார். திரும்பியதும் படத்துக்குச் சம்மதித்தார். திரைக்கதையைப் பின்னாளில் இயக்குநராகப் பெயர்பெற்ற குஸ்தாஃப் மொலாண்டெர் எழுதினார்.

படப்பிடிப்பு பெரும்பாலும் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே, தீவுக்கூட்டத்தின் விளிம்பில் இருக்கும் லாண்ட்ஸோர்ட்டில் நடந்தது. அதற்கு அப்பால் திறந்த பால்டிக் கடல். சுமார் 60,000 க்ரோனர் செலவானது. அந்தக் காலத்து ஸ்வீடிஷ் படம் ஒன்றுக்கு ஆன தொகையைப் போல் சில மடங்கு. சில நாளில் ஒரு படம் முடித்துத் தள்ளிக்கொண்டிருந்த கம்பெனி, 1916 கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் காற்றையும் அலையையும் பார்த்துக் காத்துக் கிடந்தது. படம் வென்ற பிறகு மக்னுசோன் தன் கொள்கையையே மாற்றிக்கொண்டார்: எண்ணிக்கையைக் குறைப்பது, ஒவ்வொன்றுக்கும் நேரமும் பணமும் கொடுப்பது. பின்னால் வந்த பெரிய படங்களெல்லாம் இந்த முடிவின் பிள்ளைகள்.

ஒளிப்பதிவு யூலியுஸ் யேன்சோன். துறைமுக நகரமான கோதன்பர்க்கைச் சேர்ந்தவர். கடலைக் கரையிலிருந்து பார்ப்பது ஒன்று. தண்ணீரின் மட்டத்திலிருந்து பார்ப்பது வேறொன்று. யேன்சோன் கேமராவைப் படகுகளுக்கே கொண்டுபோனார். துரத்தல் காட்சியில் ஒரு பக்கம் பல துடுப்புகள் ஒரே வீச்சில் விழும் கப்பற்படைப் படகு, மறுபக்கம் ஒற்றை ஆளின் தண்டு. இரண்டும் மாறி மாறி வருகின்றன. வேகத்தை நமக்கு உணர்த்துவது வெட்டு மட்டும் இல்லை. தோளும் முதுகும் சேர்ந்து உணர்த்துகின்றன. ஷோஸ்ட்ரோம் உண்மையாகவே வலிக்கிறார். உடல் பின்னால் சாய்ந்து, கால்கள் பலகையில் ஊன்றி, ஒவ்வொரு இழுப்பிலும் படகு கொஞ்சம் முன்னேறுகிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது நம் கண்ணுக்குத் தெரிவதால்தான் தூரம் என்பது என்னவென்று புரிகிறது. ஸ்டூடியோத் தொட்டியில் இதைச் செய்திருக்க முடியாது.

தொடக்கக் காட்சியையும் இங்கே சொல்லவேண்டும். வெளித்தீவில் தனியாக வாழும் நரைத்த கிழவன், குடிசைக்குள் இருந்து புயலைப் பார்க்கிறான். பாறையில் அலை மோதி வெள்ளையாக வெடிக்கிறது. மனக் கண்ணாடி என்ற கருத்துக்காரர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான், இங்கே அவர்கள் சொல்வது பொருந்தவும் செய்கிறது. ஆனால் கதை பின்னோக்கிப் போய் மீண்டும் இந்தப் புயலுக்கே திரும்பும்போது கடலுக்கு வேறொரு கணக்கு சேர்ந்துவிடுகிறது. கிழவனுக்கு அதன் அடியில் மறைந்திருக்கும் ஒவ்வொரு பாரும் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் எது கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். அதை அறிந்திருப்பதுதான் அவன் தொழில்.

புயலில் ஓர் ஆங்கிலேய உல்லாசப் படகு சிக்கித் தவிக்கிறது. மீகாமனான தேர்யே உதவிக்குப் போகிறான். அதில் இருப்பவர் ஒரு பிரபு, அவர் மனைவி, சிறு குழந்தை. பிரபுவின் முகத்தில் அந்தப் பதினெட்டு வயதுக்காரனைத் தேர்யே அடையாளம் காண்கிறான். தன் படகு மூழ்கிய அதே பாருக்கு அவர்களைக் கொண்டுபோய், ஏறியிருக்கும் படகின் அடியை உடைக்கிறான். தண்ணீர் உள்ளே ஏறுகிறது. இப்சன் கவிதையில் இந்த இடத்தில் வரும் விவரத்துக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. மூழ்கிவிடுவோம் என்று அவர்கள் அலறும்போது, பயப்பட வேண்டாம், நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பது அடியில் கிடக்கும் ஒரு படகும் மூன்று பீப்பாய் பார்லியும்தான் என்ற பொருளில் மீகாமன் பதில் சொல்கிறான். மகளின் வாய்க்குப் போய்ச் சேராத தானியம் இத்தனை ஆண்டு கடலடியில் கிடந்து, இப்போது அதை மூழ்கடித்தவனின் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தக் கடலை உவமையாக மட்டும் படித்தால் அந்தப் பீப்பாய்களின் எடை காணாமல் போய்விடும்.

பிறகு அவன் குழந்தையைப் பிடித்துக்கொள்கிறான். பிரபுவுக்கு இப்போது தான் யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்று புரிகிறது. கெஞ்சும் முறை அவருடையதாகிறது. குழந்தையின் முகத்தைப் பார்த்த கிழவனின் கைகள் தளர்கின்றன. அவன் விட்டுவிடுகிறான். ஷோஸ்ட்ரோமின் நடிப்பு சில இடங்களில் நாடகமேடைக்குரிய அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது, உயர்த்திய கைமுட்டியும் உருட்டிய விழியுமாக. ஆனால் இந்த இடத்தில் அவர் அடங்கிவிடுகிறார். பழிவாங்கும் வெறி ஒரு மனிதனை விட்டுப் போவதை, சொல் இல்லாமல், தோள் இறங்குவதிலும் மூச்சு மாறுவதிலும் காட்டுகிறார். பிரபுவாக நடித்தவர் ஆகுஸ்ட் ஃபால்க். நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கோடு சேர்ந்து ஸ்டாக்ஹோமில் சிறு நாடக அரங்கை 1907இல் தொடங்கியவர். பிரபுவின் மனைவியாக வந்த எடித் எராஸ்டோஃப் ஹெல்சிங்கியில் பிறந்த நடிகை. 1922இல் ஷோஸ்ட்ரோமை மணந்தார். தேர்யேயின் மனைவியாக பெர்க்லியோட் ஹுஸ்பெர்க். வசன அட்டைகளுக்கு இப்சனின் செய்யுளையே பயன்படுத்தினார்கள். படித்துப் பழகிய வரிகள் திரையில் வந்து நிற்க, அவற்றுக்கிடையே கடல் நகர்ந்துகொண்டிருந்தது. பார்வையாளர்கள் கதை தெரிந்தே வந்தவர்கள். அவர்கள் தேடி வந்தது தண்ணீரை.

ஸ்காண்டிநேவிய சினிமா கடலுக்குப் போனது இதுதான் முதல் முறை இல்லை. டென்மார்க்கின் நோர்டிஸ்க் நிறுவனம் 1906இலேயே ஓலே ஓல்சன் என்பவரால் தொடங்கப்பட்டு, போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் படம் விற்றது. அவர்களின் பெரும் கடல் படம் 1913இல் வந்த 'அட்லாண்டிஸ்'. இயக்கியவர் ஆகுஸ்ட் ப்ளோம், நாயகன் ஓலாஃப் ஃபோன்ஸ். நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய எழுத்தாளர் கெர்ஹார்ட் ஹௌப்ட்மானின் நாவலைத் தழுவியது. பெரிய பயணிகள் கப்பல் ஒன்று அட்லாண்டிக்கில் மூழ்குவதுதான் நடுக்காட்சி. டைட்டானிக் மூழ்குவதற்குச் சற்று முன்பே ஹௌப்ட்மான் தன் நாவலை எழுதிவிட்டார், ஆனால் படத்தைப் பார்த்தவர் எவராலும் 1912 ஏப்ரலை மறந்திருக்க முடியாது. நார்வேயில் படத்துக்குத் தடை விதித்தார்கள். பெருந்துயரைக் கேளிக்கையாக்குவதாகக் கருதினார்கள். ரஷ்யச் சந்தைக்காகச் சோக முடிவோடு தனிப் பதிப்பும் எடுக்கப்பட்டது. உண்மைக் கப்பலின் தளம், கடலில் குதிக்கும் கூட்டம், சாய்ந்து இறங்கும் கப்பல் எல்லாமே இன்றும் பிரமிக்க வைக்கின்றன. ஆனால் இங்கே கடல் ஒரு பேரழிவுக் காட்சி. வந்து, நடந்து, போய்விடுகிறது. மீதிக் கதை நியூயார்க்கின் அறைகளிலும் பனிக்குடிலிலும் ஓடுகிறது. பயணிகளின் கடல் அது, பணம் கொடுத்து ஏறியவர்களின் கடல். தேர்யேயைப் போல் கையால் கடந்தவர் எவரும் அதில் இல்லை. நான்கு ஆண்டுக்குள், அடுத்தடுத்த இரு நாடுகளில், கடல் இப்படி வேறாகிவிட்டது.

ஸ்வீடனிலேயே ஷோஸ்ட்ரோம் முன்பு கள்ளக்கடத்தலைப் பற்றி 'ஹாவ்ஸ்காமர்' என்ற படத்தைத் தீவுக்கூட்டத்தில் எடுத்திருந்தார். கார்ல் பார்க்லின்ட் 1919இல் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் தீவு நாவலான 'ஹெம்ஸோபோர்ணா'வைப் படமாக்கினார். ஸ்டில்லரின் 'ஃபிஸ்கெபின்' 1920இல் ஒரு மீனவக் கிராமத்தைக் களமாகக் கொண்டது. இவற்றைப் பெயரளவில் சொல்லிவிட்டு, ஸ்டில்லரின் இன்னொரு படத்துக்கு நேராகப் போகிறேன். 'தேர்யே வீகன்' படத்தோடு சமமாக நின்று பேசக்கூடிய கடல் படம் அது ஒன்றுதான்.

'ஹெர் ஆர்னெஸ் பெங்கார்', 1919. செல்மா லாகர்லோவின் கதை. பதினாறாம் நூற்றாண்டு, சிறையிலிருந்து தப்பிய ஸ்காட்லாந்துக் கூலிப்படையினர் மூவர், ஆர்னெ என்ற பாதிரியாரின் வீட்டைக் கொள்ளையடித்து ஏறத்தாழ எல்லோரையும் கொல்கிறார்கள். தப்பிப் பிழைத்த எல்சாலில் என்ற பெண், கொலைகாரர்களில் ஒருவன் என்று தெரியாமல் சர் ஆர்ச்சியைக் காதலிக்கிறாள். அவர்கள் நாடு திரும்ப ஏறவேண்டிய கப்பல் மார்ஸ்ட்ராண்ட் துறையில் பனியில் உறைந்து நிற்கிறது. பக்கத்துக் கடலெல்லாம் உடைந்து திறந்தாலும் இந்தக் கப்பலைச் சுற்றி மட்டும் பனி விடவில்லை. மாலுமிகள் புரிந்துகொள்கிறார்கள்: கப்பலில் பாவம் ஏறியிருக்கிறது. இங்கேயும் ஒளிப்பதிவு யேன்சோன். ஆனால் அசையும் அலையில் படகைத் துரத்திய அதே கண், இப்போது அசையாத கடலைப் பார்க்கிறது. கடைசியில் இறந்துபோன பெண்ணைச் சுமந்துகொண்டு கறுப்பு உடையில் நீண்ட ஊர்வலம் உறைந்த கடல்மீது வளைந்து நடந்து போகிறது. வெள்ளைப் பரப்பு, அதன்மேல் கறுப்புக் கோடு, பின்னால் கப்பலின் பாய்மரங்கள். உலக சினிமாவில் கடலை இவ்வளவு மௌனமாகக் காட்டிய காட்சி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஸ்டில்லரின் கடல் நீதிபதி. குற்றவாளி கப்பலில் இருக்கும்வரை வழி விடாது. ஷோஸ்ட்ரோமின் கடலுக்கு அப்படி நீதி நேர்மை எதுவும் தெரியாது. அது தேர்யேக்கும் உதவவில்லை, ஆங்கிலேயனுக்கும் உதவவில்லை. பழிவாங்கலுக்கு ஏற்ற இடமாக ஒரு பாரைத் தந்தது, அவ்வளவுதான். முடிவு எடுத்தது மனிதன். எது உயர்ந்த படம் என்று கேட்டால், உருவத்தின் நிறைவில் ஸ்டில்லர். மனிதன்மேல் வைத்த நம்பிக்கையில் ஷோஸ்ட்ரோம். எனக்கு இரண்டாவதே நெருக்கம்.

பின்னாளில் ஷோஸ்ட்ரோமே வேறுவிதக் கடல்களையும் முயன்றார். 1921 புத்தாண்டு நாளில் வெளியான 'ஷர்கார்லென்' படத்தில் மரணத்தின் வண்டிக்காரன் மூழ்கி இறந்தவனின் உயிரைத் தேடி அலைகளின்மேல் வண்டி ஓட்டிப் போகிறான். ஒரே படச்சுருளில் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து யேன்சோன் உருவாக்கிய காட்சி. சினிமாத் தந்திரம்தான், ஆனால் தந்திரத்துக்குக் கீழே இருப்பது நிஜக் கடல் என்பதால் நெஞ்சில் குளிர் இறங்குகிறது. 1923இல் 'எல்ட் ஓம்போர்ட்', கப்பலில் தீப்பிடிக்கும் கதை. எழுதியவர் யால்மார் பெர்க்மான், பிரிட்டிஷ் நட்சத்திரம் மாத்திசன் லாங் முக்கிய வேடத்தில். வெளிநாட்டுச் சந்தையை எண்ணி எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் தேர்யேயின் உப்புக்காற்று இல்லை. அதை முடித்துக்கொண்டு அவர் கடல் கடந்தார். ஸ்வீடிஷ் மொழியில் 'ஷோ' என்றால் ஏரி, கடல். 'ஸ்ட்ரோம்' என்றால் நீரோட்டம். ஹாலிவுட் அவர் பெயரை 'சீஸ்ட்ரோம்' என்று மாற்றிக்கொண்டபோது அதிலிருந்த கடலை மட்டும் விட்டுவைத்தது. அங்கே 1928இல் லிலியன் கிஷ் நடிக்க அவர் எடுத்த 'தி விண்ட்' தண்ணீரே இல்லாத பாலைவெளியில் நடக்கிறது. சன்னலில் மோதும் மணலைப் பார்க்கும்போது, குடிசைக்குள்ளிருந்து புயலைப் பார்த்த கிழவனின் நினைவு வராமல் இருப்பதில்லை.

1941 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமின் வின்டர்விக்கன் பகுதியில் ஸ்வென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரி நிறுவனத்தின் படச்சுருள் கிடங்கு வெடித்து எரிந்தது. நைட்ரேட் படச்சுருள் ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. ஷோஸ்ட்ரோம், ஸ்டில்லர் இருவரின் மூலப் பிரதிகளில் பெரும்பகுதி அன்று அழிந்தது. ஷோஸ்ட்ரோம் ஸ்வீடனில் எடுத்தவற்றில் பாதிக்கும் மேல் இன்று இல்லை. 'தேர்யே வீகன்' வேறு பிரதிகளில் பிழைத்தது. அதே ஆண்டுகளில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' படத்தின் ஒரு அடிகூட நமக்கு மிஞ்சவில்லை என்பதை நினைக்கும்போது, ஸ்வீடன்காரர்களுக்குக் கிடைத்த இந்த ஒரு மணி நேரத்தின்மேல் எனக்குப் பொறாமையே வருகிறது.

தேர்யேயின் கல்லறையில் முடிகிறது இப்சன் கவிதை. கிரிம்ஸ்டாடுக்கு அருகே ஃபியேரெ தேவாலய வளாகத்தில் தேர்யேக்கு நினைவுக்கல் நிற்கிறது. கவிதைக்குள் பிறந்த ஒருவனுக்கு ஊர் எழுப்பிய கல்.

ஷோஸ்ட்ரோம் 1960 ஜனவரியில் இறந்தார். அதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 1957இல், இங்மார் பெர்க்மானின் 'ஸ்மூல்ட்ரோன்ஸ்டேல்லெட்' படத்தில் முதிய மருத்துவராக நடித்தார். அதன் இறுதியில் ஓர் இளம்பெண் அவர் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துவந்து நிறுத்துகிறாள். எதிர்க்கரையில் அவருடைய இளமைக்காலத்துத் தாயும் தந்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள். தந்தை தூண்டில் போட்டிருக்கிறார். இடையில் அலையே இல்லாத தண்ணீர். எழுபத்தேழு வயது முகம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர்கள் அவரைக் கண்டுகொண்டு கையசைக்கிறார்கள்.